பக்கவாட்டு முகம்

நூதனசாலைக் கதிரைகள் நல்ல அகலம். நெடுநேரம் இருந்தாலும் இடுப்பு நோவதில்லை. யுத்தம் முடிந்த கையோடு, என் புருஷன் முகம் வரைந்த காலத்துப் படங்களை அங்கே ஒன்றாகத் தொங்கவிட்டார்கள். மரியநாயகம் ஏன் முகங்களைக் கைவிட்டு வெறும் நிறங்களுக்குப் போனார் என்று பத்திரிகைக்காகக் கேட்கிறீர்கள். நான் அவர் பெண்சாதி அல்பொன்சா, சொல்கிறேன்.

இந்தக் கண்டக்குழி வீட்டு அலுமாரியில் அவர் ஒரு கட்டுப் படங்களை ஒளித்து வைத்திருந்தார். எல்லாவற்றிலும் ஒரே பெண், பக்கவாட்டு முகம், பூசைக்குப் போடும் லேஸ் முக்காடு. அந்த முக்காடு அடுத்த வீட்டுப் பவுலினாவுடையது. ஊரில் வேறு யாரிடமும் கிடையாது. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. ஆனாலும் சத்தம் போடுகிற குணம் எனக்கு இல்லை.

களப்பின் உப்புத்தண்ணீர்க் கரையோரம் தில்லை மரம் நிற்கிறது. வெட்டுகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கத்தியைப் போடுவார்கள். பால் தெறித்தால் கண் போய்விடும். இவருக்கு உப்புக்காற்றில் கண் எரிச்சல். நான் பன்னீர் விட்டு வந்தேன். அதில் அந்தப் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன். முகங்கள் மறைந்து, வெளிச்சமும் நிறமும் மட்டும் அவருக்கு மிஞ்சின. வெள்ளைக்காரத் துரைமார் அதைப் பெரிய துறவு என்று புகழ்ந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது.

நூதனசாலைக் கண்காட்சிக்கு அந்த அலுமாரிக் கட்டையும் எடுத்துப் போயிருந்தார்கள். அந்தப் படங்களுக்கு முன்னால் கதிரையில் இருந்தேன். தமிழ் தெரிந்த ஒரு சிங்கள நோனா பக்கத்தில் நின்று என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "இது நீங்கதானே? மூக்கு அப்படியே இருக்குதே" என்றார்.

தன் பக்கவாட்டு முகத்தை யார் கண்டார்? இவரிடம் கேட்டேன்.

"ஓம், நீதான். கோயில்ல ஆம்பிளையள் பக்கத்தில இருந்து பார்த்தா உன்ர முகம் அப்பிடித்தான் தெரியும். உன்னட்ட நல்ல முக்காடு இல்லையெண்டு பவுலினாட்டக் கேட்டு வாங்கிக் கீறினன். ஒருநாள் உனக்குக் காட்டத்தான் ஒளிச்சு வச்சிருந்தன்."

அன்றிலிருந்து படத்தில் இருந்த அவள் இந்த வீட்டில் நிற்கிறாள். நான் திரும்பினால் அவளும் திரும்பிக்கொள்கிறாள். முழு முகம் காட்டுவதில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

கண்ணில் விடுகிற பன்னீரை நிறுத்தினால் பார்வை கொஞ்சம் தெளியும் என்று கொழும்பு டாக்டர் சொன்னார். தெளிந்தால் இவர் முதலில் தேடுவது என் முகத்தைத்தான். படத்தில் இருக்கிறவளை நினைத்துக்கொண்டிருக்கும் மனுஷன், இந்த முகத்தைக் கண்டால் மனம் உடைந்துபோவார், பாவம். அதனால்தான் இன்று காலையிலும் விட்டேன். அவர்மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.