முடிக்கப்படாத அழைப்பு

ராத்திரி இரண்டு மணி. புறவழிச்சாலையில் ஈ, காக்கை இல்லை. மோட்டார் சைக்கிள் வெளிச்சம் விழுகிற பத்தடி... அதற்கு அப்பால் கும்மிருட்டு. அந்த வழியாகத்தான் வைத்தியர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

நிஜ வைத்தியர் இல்லை. அது பட்டப்பெயர். நம் கூட்டாளியின் அக்கா ஓர் ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் மேற்பார்வையாளர். அங்கே கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் எழுப்பி உட்கார வைக்கிறவர் இந்த வைத்தியர். அக்கா சொல்லித்தான் நமக்கே இது தெரியும். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்...

அங்கே வருகிற ஒவ்வொரு அழைப்பும் ஒரு கன்டெய்னருக்குள் போகும். இரும்புப் பெட்டி இல்லை, சாஃப்ட்வேர் பெட்டி. பேசுகிறவர் குரலை எழுத்தாக்கி, இடத்தைக் கண்டுபிடித்து, பக்கத்து ஆம்புலன்ஸ் வண்டிக்குச் சொல்லும். பெட்டி விழுந்தால் அழைப்பும் போச்சு. ஏன் விழுந்தது என்று பார்க்க ஒரு டூல் உண்டு. தானே துருவிப் பார்த்து ஒரே வரியில் காரணம் சொல்லும். ‘மறுபடி தொடங்கவா?’ என்று கேட்கும். ஆம் என்று தட்டினால் வேலை முடிந்தது; உள்ளே யாராவது பேசிக்கொண்டிருந்தால் அந்த அழைப்பும் அறுந்துவிடும்.

அன்றைக்கு ஒரே ஒரு பெட்டி விழுந்துகொண்டே இருந்தது. எழும்... நாற்பது விநாடி... விழும்.

டூலை ஓட்டினார். ‘காரணம்: பழைய அழைப்பு முடிக்கப்படவில்லை.’

தேதியைப் பார்த்தார். பதினோரு மாதத்துக்கு முந்தையது.

உள்ளே மூன்று வரிதான். ‘வண்டி பாலத்துலேர்ந்து விழுந்திடுச்சு. கதவு திறக்கல. தண்ணி உள்ள வருது.’ அதற்குக் கீழே: ‘மறுபடி தொடங்கப்பட்டது. உத்தரவிட்டவர்’... பக்கத்தில் இவர் பெயர்.

ஞாபகம் வந்தது. படுக்கையில், ஒற்றைக் கண்ணைத் திறந்து, போனில் வந்த கேள்விக்கு என்ன ஏது என்று படிக்காமல் ஆம் என்று தட்டிய ராத்திரி. தட்டிவிட்டுப் புரண்டு படுத்தார். நன்றாகத் தூங்கினார்.

வைத்தியர் அந்த மூன்று வரியை அக்காவிடம் காட்டினார். காலையில் அக்கா போலீஸ் பதிவைத் தேடி எடுத்தார். ஒரு பெண், தனியாக வந்தவள். காருக்குள் மூழ்கிக் கிடந்தாள்.

“நீங்க படிச்சுப் பாத்திருந்தாலும் வண்டி போய்ச் சேர்ந்திருக்காது, விடுங்க” என்றார் அக்கா. அது பொய் என்று இருவருக்குமே தெரியும்.

மறுநாள் ராத்திரி வைத்தியர் தானாகவே வந்து உட்கார்ந்தார். பெட்டி எழுந்தது. இந்த முறை விழாதபடி அந்த நாற்பது விநாடி நேர வரம்பை எடுத்துவிட்டார். ஹெட்போனை மாட்டினார். முப்பத்தெட்டு... முப்பத்தொன்பது... நாற்பது.

விழாமல் நின்றது.

காதில் தண்ணீர் கொப்பளிக்கும் சத்தம். பெட்ரோல் வாடை எங்கிருந்தோ வந்தது. ‘அனுப்பிட்டீங்களா?’ என்று திரையில் எழுத்து ஓடியது. ‘கழுத்து வரைக்கும் வந்திடுச்சு.’

“அனுப்பிட்டேம்மா, வந்துக்கிட்டே இருக்கு” என்றார். நிஜமாகவே ஒரு வண்டியை அனுப்பவும் செய்தார். டிரைவர் பாலத்தடியிலிருந்து கூப்பிட்டான். “இங்க ஒண்ணுமே இல்ல சார். தண்ணிகூட இல்ல, வறண்டு கிடக்கு.”

ஹெட்போனில் கொப்பளிப்பு நின்றுவிட்டது. வைத்தியர் மேஜையில் தலையைச் சாய்த்துக்கொண்டார். இரண்டாவது தடவையும் அவளைச் சாகக் கொடுத்தாயிற்று.

அப்போது... மெல்லிய குரல். நனையாத குரல்.

‘கார் அக்கா தூங்கிட்டாங்க.’

ஐந்து வயதுகூட இருக்காது. பதறிப்போனார். “பாப்பா, நீ யாரும்மா? நீயும் வண்டிக்குள்ளயா இருக்கே?”

‘மாமா, உங்க வீடு எங்க?’

டூலைப் பார்த்தார். ‘நலமாக இயங்குகிறது.’

விடிந்ததும் அந்தப் பெண்ணின் அண்ணனைத் தேடிப் போனார். மெக்கானிக். ஸ்பானரைக் கீழே வைக்காமலே பேசினார். “அவளுக்கு ஏதுங்க குழந்தை? கல்யாணமே ஆகல.” ஒரு நட்டைத் திருகிவிட்டுச் சொன்னார். “விழறதுக்குக் கொஞ்சம் முன்னாடி எனக்குப் போன் பண்ணா. ரோட்டுல சின்னப் புள்ள ஒண்ணு தனியா நிக்குதுண்ணா, ஏத்திக்கிட்டு வரேன்னா. வண்டிக்குள்ள இவ மட்டும்தான் இருந்தா.”

அன்று ராத்திரியே வைத்தியர் அந்தப் பெட்டியை அழிக்கப் பார்த்தார். துணைக்கு அக்காவும் உட்கார்ந்திருந்தார். ‘அப்படி ஒரு கன்டெய்னர் இல்லை’ என்றது டூல்.

அதே நிமிஷம் புது அழைப்பு ஒன்று வந்து விழுந்தது. நம்பரைப் பார்த்ததும் வைத்தியர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். அவர் வீட்டு நம்பர். மனைவியும் மகளும் மட்டும் இருக்கிற வீடு.

‘இங்க எல்லாரும் தூங்கிட்டாங்க.’

ஹெட்போனைக் கழற்றாமலே ஓடினார், ஒயர் அறுந்தது.

கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. அக்கம்பக்கத்தார் உடைத்துத் திறந்தபோது இருவரும் போர்வை கலையாமல் கிடந்தார்கள். மூச்சு இல்லை. ஏன் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு வைத்தியர் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒன்றை மட்டும் அக்கா அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை. அவர் ஓடிய பிறகு, வேறொரு ஹெட்போனை எடுத்து அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். இருபது நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு மோட்டார் சைக்கிள் சத்தம். கதவு இடிபடும் சத்தம்.

‘மாமா வந்துட்டாரு. பாவம்... அழுறாரு.’

அக்கா ஹெட்போனைக் கழற்றப் போனார்.

‘அக்கா, நீங்க கேட்டுக்கிட்டுத்தானே இருக்கீங்க?’