இரண்டு விரல் அழுத்தம்

இந்த நாற்காலியின் ஒரு கால் குட்டை, டாக்டர். அட்டையை நாலாக மடித்துக் கீழே கொடுத்தால் ஆடாது. இங்கே வருகிறவர்கள் எல்லாம் உடம்பு முடியாதவர்கள், யாராவது விழுந்துவைக்கப் போகிறார்கள். என் வீட்டில் ஆடுகிற சாமான் ஒன்றுகூடக் கிடையாது.

மகள் உங்களிடம் ஏதோ சொல்லியிருக்கிறாள், அதைக் கேட்கத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். சுற்றி வளைக்க வேண்டாம், கேட்டால் சொல்லிவிட்டுப் போகிறேன். இத்தனை நாளும் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டினவர் என்பது உங்களுக்குத் தெரியும். லாரிக்காரருக்கு வாழ்க்கைப்படுவது என்றால் என்னவென்று தெரிந்திருக்காது. நான் அவரைப் பார்த்ததைவிட அவருடைய அழுக்குச் சட்டையைப் பார்த்ததுதான் அதிகம். வருவார், துணியைத் துவைக்கப் போடுவார், தூங்குவார், போய்விடுவார். கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். குடி கிடையாது, ஒரு நாளும் கை நீட்டியது கிடையாது. வீட்டில் இருக்க மட்டும் தெரியாது. சின்ன வயதில் மகளுக்கு அப்பா என்றால் தெருமுனையில் கேட்கிற ஹாரன் சத்தம்தான்.

சிறுநீரகம் முழுக்க நீர்க்கட்டி, பரம்பரையாக வருகிற வியாதி, இனி டயாலிசிஸ்தான் என்று நீங்கள் சொன்ன அன்று அழுதேன். நிஜமாகவே அழுதேன். மறுநாள் காலையில் கண் விழித்தபோது அவர் பக்கத்தில் படுத்திருந்தார். அதற்கு அடுத்த நாளும் இருந்தார். எனக்கு வந்த நிம்மதியை நான் யாரிடம் போய்ச் சொல்ல முடியும்?

டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக இடது கையில் இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்து ஃபிஸ்டுலா வைத்தீர்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால், ஓடுகிற ஃப்ரிட்ஜின் மேல் கை வைத்த மாதிரி ஓர் அதிர்வு தெரியும். அது இருக்கும்வரை கவலை இல்லை. நின்றால் உள்ளே ரத்தம் கட்டிவிட்டது என்று அர்த்தம், உடனே வந்தால் கட்டியை எடுத்துவிடலாம், தாமதித்தால் இறுகிவிடும் என்று சொல்லிக்கொடுத்தீர்கள். அவருக்கு விரல் நுனிகள் மரத்துப்போயிருந்தன. அதனால் தினமும் காலையில் கையை என்னிடம்தான் நீட்டுவார்.

“ஓடுதா?”

“ஓடுது.”

கல்யாணமானதிலிருந்து அவர் என்னை நம்பிக் கேட்ட ஒரே கேள்வி அதுதான், டாக்டர்.

டயாலிசிஸ் முடிந்து ஊசியை உருவியதும் பஞ்சு வைத்துப் பிடிக்கவும் நர்ஸம்மா எனக்குத்தான் பழக்கிவிட்டார். “ரெண்டு விரல் போதும்க்கா. ரத்தமும் வெளிய வரக் கூடாது, அடியில ஓட்டமும் நிக்கக் கூடாது. அந்த அளவு போகப்போக விரலுக்கே தெரிஞ்சிரும்” என்றார். தெரிந்துகொண்டேன். மற்றவர்கள் பிடித்தால் தரையெல்லாம் சொட்டும். நான் பிடித்தால் விரிப்பில் ஒரு பொட்டு இருக்காது. இந்த அக்காவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று நர்ஸம்மா எல்லாரிடமும் சொல்லுவார். இப்படிக் கவனிக்க ஆள் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று நீங்களும் அவரிடம் சொன்னீர்கள்.

முதல் அடைப்பு என் வேலை இல்லை. கையைத் தலைக்கு வைத்துத் தூங்கிவிட்டார், காலையில் அதிர்வைக் காணோம். அரக்கப் பரக்க ஓடி வந்தோம். நீங்கள் மெல்லிய குழாயை உள்ளே விட்டு, மருந்தால் கட்டியைக் கரைத்து, பலூனை விரித்து வழியைத் திறந்தீர்கள். அந்த நாட்களில் மனிதர் துவண்டுபோய் என் தோளிலேயே கிடந்தார். குளியலறைக்குப் போகக்கூட என் கை வேண்டும்.

“நீ இல்லேன்னா நான் இல்ல” என்றார். தேறியதும் அதே வாய் முதலாளிக்குப் போன் போட்டது.

முதலாளி சின்ன வேன் ஒன்று தருகிறாராம். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் பக்கத்து ஊர்களுக்குப் போய் வரலாமாம். ரத்த ஓட்டம் பிரமாதம், தாராளமாகப் போகட்டும் என்று நீங்களும் சிரித்தீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. நீங்கள் கையைப் பார்த்தீர்கள், நான் ஆளைப் பார்த்தேன். அந்த உடம்புக்கு அந்த வேகம் அதிகம் என்று எனக்குப் பட்டது.

டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்கு வந்தால் அடித்துப்போட்ட மாதிரித் தூங்குவார். ரத்த அழுத்தமும் இறங்கியிருக்கும். ஒரு மத்தியானம் அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஊசி போட்ட இடம் கசியக்கூடும் அல்லவா? இரண்டு விரலை வைத்தேன். ஓட்டம் தெரிந்தது. கொஞ்சம் அழுத்தினேன், அப்போதும் தெரிந்தது. தெரியாமல் போகிற வரை அழுத்தினேன். பிறகு விரலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மனதுக்கு இதமாக இருந்தது.

வேலையிலிருந்து சீக்கிரம் திரும்பிய மகள் அறைக்குள் வந்தாள்.

“அம்மா, உன் விரலெல்லாம் வெளுத்துப்போயிருக்கு.”

“அப்பாவுக்கு ரத்தம் கசியுதும்மா.”

பஞ்சைப் பார்த்தாள். அதில் ஒரு கறையும் இல்லை. அன்றைக்கு அப்படியே திரும்பிப் போய்விட்டாள். இப்போது அதே வியாதி அவளுக்கும் வந்து, தன் கையிலும் ஃபிஸ்டுலா வைத்த பிறகுதான் அந்த விரல்கள் அவளுக்கு ஞாபகம் வந்திருக்கின்றன.

மறுநாள் காலையில் அதிர்வு இல்லை, உங்களிடம் கூட்டிவந்தேன். ரத்தக்குழாய் ஓரிடத்தில் சுருங்கியிருக்கிறது, அதனால்தான் அடைத்துக்கொண்டது என்றீர்கள். நான் மறுத்துப் பேசவில்லை. திறந்துவிட்டீர்கள். அவர் மறுபடி என் தோளில் சாய்ந்தார், மறுபடி தேறினார், மறுபடி போனை எடுத்தார். நான் அடைப்பதும் நீங்கள் திறப்பதுமாகக் கொஞ்ச காலம் போனது. நீங்களும் சளைக்கவில்லை.

அப்புறம் வேன் சாவி வீட்டுக்கே வந்துவிட்டது. ஆணியில் மாட்டிவைத்துப் போகும்போதும் வரும்போதும் தொட்டுப் பார்த்துக்கொள்வார். மறுநாள் காலையில் அவர் கையை நீட்டியபோது என் விரலுக்கடியில் ஒன்றுமே இல்லை. ஏன் இல்லை என்று எனக்குத் தெரியும்.

“ஓடுதா?”

“ஓடுது.”

அடுத்த நாள் காலையிலும் கேட்டார். அதே பதிலைச் சொன்னேன். டயாலிசிஸுக்கு வந்தபோது நர்ஸம்மாதான் தொட்டுப் பார்த்துத் திடுக்கிட்டார். அதற்குள் கட்டி இறுகிவிட்டது. நீங்கள் எவ்வளவோ முயன்றீர்கள், சட்டையெல்லாம் நனைந்துபோய் வெளியே வந்தீர்கள். எனக்கே பாவமாக இருந்தது. இந்தக் கை இனி உதவாது, இப்போதைக்குக் கழுத்தில் குழாய் போடுவோம் என்றீர்கள்.

கழுத்தில் குழாயோடு யார் வேன் ஓட்டுவார்கள்? சாவியை அவரே ஆணியிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தார். கண் கலங்கியிருந்தது. நான்தான் துடைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நாங்கள் வாழ்ந்ததுதான் வாழ்க்கை. குழாய் வழியாகக் கிருமி ஏறி, காய்ச்சல் கண்டு, அவர் போய்ச்சேர்ந்ததற்கு நான் என்ன செய்ய முடியும்? அந்த இடத்தை எவ்வளவு சுத்தமாக வைத்திருந்தேன் என்று நர்ஸம்மாவைக் கேளுங்கள்.

ஆமாம், அடைத்தது நான்தான். முதல் தடவை தவிர ஒவ்வொரு தடவையும் நான்தான். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கொன்றேன் என்று மட்டும் எழுதாதீர்கள், அது பொய்.

பதிலுக்கு நீங்கள் ஓர் உதவி செய்ய வேண்டும். மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறதாம், அங்கேயே டயாலிசிஸ் வசதியும் உண்டாம், தனியாகவே பார்த்துக்கொள்வாளாம். என்னைக் கையைத் தொட விடுவதில்லை. அறையை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு தூங்குகிறாள். பெற்றவள் இருக்கும்போது வேறு யார் அவளைப் பார்த்துக்கொள்வார்கள்? நீங்கள் எடுத்துச் சொன்னால் கேட்பாள்.

நேற்று மத்தியானம் சோபாவிலேயே அசந்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து மெல்லத் தொட்டுப் பார்த்தேன். நன்றாக ஓடுகிறது, டாக்டர். வேகம்தான் கொஞ்சம் அதிகம்.