நண்டுக்கால்களைக் கழுவிய விதம்

இந்தக் கூல் பாரில் றோல்ஸ் கொஞ்சம் பிந்தித்தான் வரும், மீனாம்பிகை அக்கா. ஆனால் சூடாக வரும். நான் வேலை செய்கிற பல் வைத்தியரின் இடம் இந்தச் சந்தியிலேயே இருப்பதால் மருதனார்மடத்தில் எனக்கு வேறு கடை பழக்கமில்லை. எனக்கு ஒரு மரக்கறி றோல்ஸ் போதும்.

உட்கார்ந்ததுமே நீங்கள் சொன்னீர்கள்: "பிள்ளை ஆரபி, கூட்டம் நாலு மணிக்குத்தான். என்ரை ஸ்கூட்டியிலை கம்பசுக்குப் போக எவ்வளவு நேரம். ஆறுதலாச் சொல்லு, ஒண்டையும் விடாமல் சொல்லு. நீ உன்ரை வாயாலை சொன்னால்தான் றோஸ் தப்புவா."

அப்படியே செய்கிறேன். எதையும் முதலிலிருந்து ஒழுங்காகச் சொல்வது என் பழக்கம். ஒழுங்காகத்தான் சொன்னேனா என்று பிறகு சந்தேகப்படுவதும் என் பழக்கம்தான். உங்கள் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்திருக்கிறீர்கள், பதிவாகிறது என்று நினைக்கிறேன். நல்லது. நான் ஏதாவது பிழையாகச் சொல்லியிருந்தால் திரும்பக் கேட்டுப் பார்க்கலாம்.

றோஸ் அக்காவிலிருந்து தொடங்குகிறேன். பல்கலைக்கழகத்தின் மாலைநேர டிப்ளோமாப் பிரிவுக்கு யார் வந்தாலும் முதலில் காண்பது அவரைத்தான். வாசலுக்கு நேரே மேசை, மேசைக்குப் பின்னால் றோஸ் அக்கா. மகளைப் பாலர் பாடசாலையில் விட்டுவிட்டு வந்து தற்காலிக ஊழியராகச் சேர்ந்தவர். மகள் லவீனா இப்போது உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். தாய் இன்னும் தற்காலிகம். அவரை நிரந்தரமாக்குவதா இல்லையா என்று இன்றைய கூட்டத்தில் முடிவெடுப்பார்கள். இந்த முறை தவறினால் வயதெல்லை கடந்துவிடும், பிறகு விண்ணப்பிக்கவே முடியாது. இது எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லப் போவதில்லை.

வேலை முடிந்து பசியோடு ஓடி வருகிற எனக்கு வகுப்பு நாட்களில் றோஸ் அக்கா குருநகரிலிருந்து சாப்பாடு கொண்டுவருவார். பழைய கோப்புகள் அடுக்கியிருக்கிற அறைக்குள் என்னை இருத்தி, கதவைச் சாத்திவிட்டுப் பெட்டியைத் திறப்பார். முருங்கையிலை போட்ட நண்டுக் குழம்பு. உரும்பிராயில் எங்கள் வீட்டுக் குசினிக்குள் முட்டைகூட வந்ததில்லை. முதல் நாள் வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

"அம்மா மணந்து பிடிச்சிடுவா அக்கா."

"கொம்மாவுக்கு மணக்காமல் இருக்கத்தானே தேசிக்காயும் கொண்டந்தனான். திண்டிட்டுக் கையிலை பூசிக்கொண்டு போ. எலும்பும் தோலுமா இருந்துகொண்டு கதைக்கிறாள்."

அதற்குப் பிறகு நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அவரிடம் ஒரு குணம் உண்டு. யாரைப் பற்றிக் கேட்டாலும், அந்த ஆள் எதை விரும்பிச் சாப்பிடுவார் என்பதைத்தான் சொல்வார். எங்கள் வகுப்பு லக்சனைப் பற்றிக் கேட்டால், "தங்கமான பெடியன், இடியப்பம் எண்டால் கணக்குப் பாக்க மாட்டான்" என்பார். அவர் ஒருவரைப் புகழ்கிற முறை அது. இதை நினைவில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

அடுத்தது பேராசிரியர் பஞ்சலிங்கம். எங்கள் பிரிவின் பொறுப்பாளர். எங்களுக்கு நேர முகாமைத்துவம் படிப்பித்தார். ஐந்தரைக்குத் தொடங்க வேண்டிய வகுப்புக்கு ஆறரைக்கு வந்து, நேரத்தை வீணாக்குவதால் நாடு படும் பாட்டை விளக்குவார். நெற்றி நிறையத் திருநீறு. கன்ரீனில் மீன் குழம்பை நிறுத்தியவரும் அவர்தான். புலால் உண்பவரின் மூளை மந்தமாகும் என்று அதற்கென்று ஓர் உரையே ஆற்றினார்.

போன வருடம் தங்கள் வேதக் கோயில் பெருநாளுக்கு றோஸ் அக்கா என்னைக் குருநகர் வீட்டுக்குக் கூப்பிட்டார். எங்கள் வீட்டில் வகுப்பு என்று சொல்லிவிட்டுப் போனேன். அவருடைய குசினியில் எனக்குச் சாப்பாடு போட்டிருந்தது. பின் விறாந்தையில் யாரோ ஓடு உடைக்கிற சத்தம் கேட்டுத் திரைச்சீலையை விலக்கினேன். பேராசிரியர் பஞ்சலிங்கம், சட்டைக் கையை முழங்கை வரை மடித்து, திருநீறு வியர்வையில் கரைய, நண்டின் பெரிய கால் ஒன்றைக் கடைவாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். என் கையிலும் ஒன்று இருந்ததால் வணக்கம் சொல்ல முடியவில்லை.

அவர் என்னைக் காண முதலே றோஸ் அக்கா என்னை உள்ளே இழுத்தார். "சத்தம் போடாதை. சேர் கள ஆய்வுக்கு வந்தவர்."

"என்ன ஆய்வு அக்கா?"

"மீன்பிடிக் குடும்பங்களைப் பற்றியாம். மாசா மாசம் வாறார். இதுவரைக்கும் நண்டைத் தவிர ஒருத்தரிட்டையும் ஒரு கேள்வி கேட்டதில்லை." வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "நீயும் அவரும் ஒண்டுதான் பிள்ளை. ரெண்டு பேரின்ரை சங்கதியும் எனக்குள்ளை கிடக்கும், பயப்பிடாதை."

நீயும் அவரும் ஒன்றுதான் என்று அவர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்கு நினைத்தது அவ்வளவுதான்.

முதல் நண்டுக்காலை நல்ல நோக்கத்தோடுதான் வைத்தேன். வகுப்புப் பிந்தினால் எனக்குப் பஸ் தவறிவிடும். றோஸ் அக்கா கொண்டுவந்த குழம்பிலிருந்து ஒரு பெரிய காலை எடுத்து, மறுநாள் வேலை இடத்தில் வெந்நீர், சவர்க்காரம், பிரஷ் எல்லாம் போட்டுக் கழுவினேன். பல் பிடுங்குகிற குறட்டைக்கூட நான் அவ்வளவு கவனமாகக் கழுவுவதில்லை. வகுப்புக்கு எப்போதும் முதலில் வருகிறவள் நான்தான். பேராசிரியரின் மேசை நடுவில் அதை வைத்து, கரும்பலகையின் மூலையில் வெண்கட்டியால் "5.30" என்று மட்டும் எழுதிவிட்டு, வெளியே போய் மற்றவர்களோடு திரும்பி வந்தேன்.

"காகம் போட்டிட்டுப் போயிருக்கு," என்றான் லக்சன்.

"காகம் நேரமும் எழுதுமோ?" என்று தனுஷிகா கேட்டாள்.

"கம்பஸ் காகமல்லோ. டிப்ளோமா முடிச்சிருக்கும்."

பேராசிரியர் எல்லோரையும் விடக் கூடுதலாகச் சிரித்தார். பிறகு கரும்பலகையைத் தன் கையாலேயே அழித்தார். அடுத்த வகுப்பு ஐந்தரைக்குத் தொடங்கியது. நாங்கள் போனபோது அவர் யன்னல்களைத் திறந்துகொண்டிருந்தார்.

இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் அவர் எங்களை இலக்கம் சொல்லித்தான் கூப்பிடுவார், எனக்கும் ஒரு பெயர் இருக்கிறது. அதற்கு இரண்டாவது காலை, அவருக்கும் முந்தி வந்து வைத்தேன். அதன் பிறகு அவர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, வீட்டில் எல்லோரும் சுகமா என்றும் விசாரித்தார். மூன்றாவதுக்குக் கன்ரீனில் மீன் குழம்பு திரும்பி வந்தது. உணவுப் பன்மைத்துவம் பற்றி ஓர் உரையும் கூடவே வந்தது. கன்ரீன் அற்புதராணி அக்கா அதைக் கேட்டுவிட்டு, "சேருக்கு ஒண்டில் புத்தி வந்திட்டுது, இல்லாட்டில் காய்ச்சல்" என்றார். நான்காவது தேவையில்லாதது, ஒப்புக்கொள்கிறேன். கரும்பலகையில் "பாட்டு" என்று எழுதினேன். அவர் பாடத்தை நடுவில் நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு தேவாரம் பாடினார். குரல் மோசமில்லை. நாங்கள் எழுந்து நின்று கேட்டோம்.

கழுவியதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டாவதிலிருந்து சவர்க்காரம் போடவில்லை, தண்ணீரில் மட்டும் அலசினேன். சவர்க்காரம் தீர்ந்துபோயிருந்தது என்று உங்களிடம் சொல்ல நினைத்திருந்தேன். தீரவில்லை. பேராசிரியர் அதை எடுத்து முகர்ந்து பார்த்தார். வறுத்த தூளும் முருங்கையிலையும் எந்தச் சட்டியில் வெந்தது என்று அவருக்குத் தெரியும். அவருடைய பார்வை கதவைத் தாண்டி றோஸ் அக்காவின் மேசைக்குப் போனதை முன்வரிசையில் இருந்து பார்த்தேன். மூன்றாவதையும் தண்ணீரில்தான் அலசினேன். நான்காவதை அலசவே இல்லை.

நிரந்தர நியமனத்துக்கு எழுதியிருந்த சிபாரிசை அவர் திரும்பப் பெற்றுக்கொண்டார். றோஸ் அக்காவிடம், உங்கள் பேரில் முறைப்பாடு இருக்கிறது என்று மட்டும் சொன்னாராம்.

கோப்பு அறைக்குள் வைத்து என்னிடம் கேட்டார்: "பிள்ளை, நான் ஆருக்கு என்ன பிழை விட்டனான்? சேர் என்ரை முகத்தைக்கூடப் பாக்கிறாரில்லை."

"தெரியாது அக்கா," என்றேன்.

"ஒருவேளை அந்தப் பெருநாளுக்கு நண்டிலை உப்புக் கூடிப்போச்சோ?"

"உப்பு அளவாத்தான் இருந்தது," என்றேன். அது உண்மை. அன்றைக்கும் நன்றாகச் சாப்பிட்டேன்.

பேராசிரியருக்குப் பொலிசுக்குப் போக வழியில்லை. அதனால் உங்களைக் கூப்பிட்டார். வெளிநாட்டு மாப்பிள்ளை வீட்டாருக்காகப் பெண் வீடுகளைத் துருவுகிற ஆள் நீங்கள் என்று ஊருக்கே தெரியும். யாரோ தன்னை மிரட்டுவதாகச் சொல்லியிருப்பார். ஆனால் அவருக்குத் தேவைப்பட்டது ஆளைக் கண்டுபிடிப்பது அல்ல, றோஸ் அக்காதான் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்வது. நீங்கள் அதைச் சொல்லாமல், கல்யாண விசாரிப்புக்கு வந்தவர் மாதிரி வகுப்புக்கு வெளியே நின்று ஒவ்வொருவரிடமும் றோஸ் எப்படிப்பட்டவ என்று கேட்டீர்கள்.

லக்சன், "நல்ல மனிசி, ஆனா வாய் கொஞ்சம் நீளம்" என்றான். தனுஷிகா, "உதவி செய்வா, ஆனா செய்ததை நாலு பேருக்குச் சொல்லுவா" என்றாள். நான் முதல் நாளே யோசித்து, ஒரு குறையும் வராமல் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். அன்பானவர், நேர்மையானவர், கடமை தவறாதவர் என்றேன். நடுநிலையாகச் சொன்னதாக எனக்குத் திருப்தி.

நீங்கள் சிரித்தீர்கள். "பிள்ளை, நான் எத்தினை ஊர், எத்தினை படலை ஏறி இறங்கியிருப்பன். எங்கடை சனம் பெத்த தாயைப் பற்றிக் கேட்டாலும் கடைசியிலை ஒரு 'ஆனா' போடாமல் விடாது. அதைப் போடாதவை ரெண்டே வகை. ஒண்டு, அந்த ஆளின்ரை சோத்தைத் திண்டவை. மற்றது, அந்த ஆளுக்கு வினை வைச்சவை. நீ எது?"

இரண்டும் என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். உங்களுடைய கெட்டித்தனத்தை நான் மதிக்கிறேன்.

சவர்க்காரத்தை ஏன் நிறுத்தினேன் என்று இன்னும் சொல்லவில்லை. முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடையில் எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை சுவிசில். தகப்பன் அங்கே ஒரு கோயிலின் தர்மகர்த்தா. நாலு தலைமுறையாகச் சைவம், பெண்ணும் அப்படியே இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். படிக்கிற இடத்திலும் விசாரிப்பார்கள் என்று மாமி சொன்னார். விசாரிக்க வருகிறவர் வாசலில் முதலில் யாரைக் காண்பார் என்று யோசித்துப் பாருங்கள். றோஸ் அக்கா என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டார். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் புகழ்ந்துவிடுவார். "எங்கடை ஆரபியோ? தங்கமான பிள்ளை, நண்டுக்கால் உடைக்கிற வடிவைப் பாக்க வேணும்" என்று வாய் நிறையச் சொல்லிவிடுவார். நிரந்தரமானால் அந்த மேசையில் ஓய்வு பெறும்வரை இருப்பார். நான் அதைத்தான் யோசித்தேன். வேறு வழிகளும் இருந்திருக்கலாம், அவரிடம் நேரே கேட்டிருக்கலாம். கேட்டால் வருத்தப்படுவார் என்று விட்டுவிட்டேன்.

இன்னும் ஒன்று பாக்கி. நான்கு நண்டுக்கால்களைப் பற்றித்தான் சொன்னேன். ஐந்தாவது ஒன்று உண்டு. திங்கட்கிழமை வைத்தேன். கரும்பலகையில் "கூட்டம் 2 மணி" என்று எழுதினேன். அவர் மற்ற எல்லாவற்றையும் விட மகிழ்ச்சியாகக் கீழ்ப்படிந்தது இதற்குத்தான் என்று நினைக்கிறேன், அவருக்கும் அது சீக்கிரம் முடிய வேண்டியிருந்தது. உங்களுக்கு அறிவிக்காமல் விட்டிருக்கிறார். நாலு மணி என்று நீங்கள் சொன்னபோது நான் மறுத்துப் பேசவில்லை.

காலையில் றோஸ் அக்கா தொலைபேசி எடுத்தார். "பிள்ளை, கூட்டத்தை ரெண்டு மணிக்கு மாத்திப்போட்டினம். நான் அந்தோனியாருக்கு நேர்ந்திருக்கிறன். நீ அங்கை உங்கடை ஆஞ்சநேயரிட்டையும் எனக்காக ஒரு கும்பிடு போட்டு விடு." இங்கே வருகிற வழியில் போட்டுவிட்டுத்தான் வந்தேன்.

இப்போது மூன்று மணி தாண்டிவிட்டது, கூட்டம் முடிந்திருக்கும். ஸ்கூட்டித் திறப்பைக் கையில் எடுத்துவிட்டீர்கள். போங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் அந்தப் பதிவை ஒருமுறை முழுவதும் கேட்டுவிட்டுப் போங்கள். பேராசிரியர் நண்டு சாப்பிடாமல் இந்தக் கதையில் ஒன்றுமே நடக்காது. அவருடைய மகளுக்கு ரொறன்ரோவில் கல்யாணம் பேசியிருக்கிறார்கள். அது சுத்த சைவக் குடும்பம் என்று அங்கே எழுதிக் கொடுத்தது நீங்கள். அந்த ஒரு சொல் பிழைத்தால் பிறகு உங்களை நம்பி எந்த வீட்டுக்கு அனுப்புவார்கள்? இதை மிரட்டல் என்று எடுக்க வேண்டாம். உங்களுக்காகத்தான் யோசிக்கிறேன். சுவிஸ்காரரும் விசாரிக்க உங்களைத்தான் அனுப்புவார்கள் என்று நினைக்கிறேன். வந்தால், நேரம் தவறாத பிள்ளை என்று சொல்லுங்கள், அது பொய்யில்லை.

றோஸ் அக்காவிடம் மட்டும் ஒன்றும் சொல்லாதீர்கள். என்னைப் பற்றி நல்ல எண்ணம் வைத்திருக்கிற ஒரே ஆள் அவர்தான். அந்த மனத்தை நோகடிக்க என்னால் முடியாது.