தோகை இல்லாத மயில்

நிரஞ்சலா: ...கைய வச்சிராத, தகடு இன்னும் சூடா இருக்கு.

நிவேதிகா: ஏ நிரஞ்சி, இங்க பாருடி... கம்ப்யூட்டர்ல நாம வரைஞ்சது அப்படியே இரும்புல வந்திருக்கு. ஓட்டை கூட வட்டமா விழுந்திருக்கு.

நிரஞ்சலா: வட்டம் நான் போட்டதாச்சே, அதான்.

நிவேதிகா: ஆமா, பெரிய எஞ்சினியரு. போன வாரம் வெல்டிங் அடிக்கையில கண்ண மூடிக்கிட்டு நின்னது யாரு?

நிரஞ்சலா: இன்னிக்கு மூடினேனா? மெஷின் வெட்டி முடிக்கிற வரைக்கும் கண்ணாடியப் போட்டுக்கிட்டு பாத்துக்கிட்டேதான் இருந்தேன். பொறி என்னமா பறந்துச்சு... நெஞ்சு இன்னும் அடிச்சுக்குது.

நிவேதிகா: எனக்குந்தான். சரி, தாழ்ப்பாள் நாலும் உங்க தோட்டத்து லயத்துக் கதவுங்களுக்குப் பொருந்துமா? அளவு பிசகினா...

நிரஞ்சலா: பிசகாது. அம்மாவோட மட்டக்கம்புல குறி வச்சு கொண்டாந்தேன்ல, அதத்தான் அளந்தோம்.

நிவேதிகா: அது மட்டக்கம்பா? நான் ஏதோ குச்சின்னுல்ல நெனச்சேன். அப்ப அம்மா இன்னிக்கு தேயிலைக் கொழுந்து எடுக்க செடி மட்டம் எப்படிப் பாப்பாங்க?

நிரஞ்சலா: தெரியல... காலைல கம்பக் காணோம்னு வீடு பூரா தேடினாங்க.

நிவேதிகா: நீ என்ன செஞ்ச?

நிரஞ்சலா: நானும் கூடச் சேந்து தேடினேன்.

நிவேதிகா: அடிப்பாவி... சரி, அது கெடக்கட்டும். மயில என்ன செய்றது?

நிரஞ்சலா: மயிலுக்கென்ன? தல இருக்கு, கொண்ட இருக்கு, காலு ரெண்டும் இருக்கு...

நிவேதிகா: தோகை? நாளைக்கு பதுளையில கண்காட்சி. இருந்ததே ஒரே ஒரு தகடு. தோகை வர வேண்டிய எடத்துல தாழ்ப்பாள வச்சு வெட்டிட்டு...

நிரஞ்சலா: பொட்ட மயில்னு சொல்லிருவோம்.

நிவேதிகா: சிரிக்காத. சேர் இனி நம்மள ஸ்கூல் பட்டறைல மெஷின் பக்கமே விட மாட்டாரு. அடுத்த தகடு வர்ற வரைக்கும் பொறுத்திருக்கலாம்.

நிரஞ்சலா: முடியாது... இன்னிக்கே கொண்டு போய் போட்டாகணும்.

நிவேதிகா: இதத்தான் காலையிலேருந்து சொல்ற. ஏன்னு கேட்டா மட்டும் வாயத் தொறக்க மாட்டேங்குற.

நிரஞ்சலா: வெரட்டிட்டா எனக்கும் அழுகைதான் வரும் நிவே. இந்த வேலைய முழுசாப் படிக்கணும்னு எம்புட்டு ஆசை தெரியுமா... ஆனா...

நிவேதிகா: உஷ், சேர் வர்றாரு. பைக்குள்ள போடு.

நிரஞ்சலா: சூடுங்கிறேன், பையி பொசுங்கிரும்.

சிதம்பரநாதன்: என்ன பிள்ளையள், வெட்டி முடிஞ்சுதோ?

நிவேதிகா: முடிஞ்சிருச்சு சேர்... மெஷின் நல்லா வேலை செஞ்சுச்சு சேர்.

சிதம்பரநாதன்: எங்கை மயில்? ...இதென்ன, கோழியோ?

நிரஞ்சலா: பொட்ட மயில் சேர்.

சிதம்பரநாதன்: பகிடி விடாதை. நான் தந்த படத்திலை பாதித் தகட்டுக்குத் தோகை இருந்தது. அது எங்கை?

நிவேதிகா: மெஷின்லதான் சேர்... ஏதோ கோளாறு...

சிதம்பரநாதன்: கோளாறு வந்தால் மெஷின் தாழ்ப்பாள் வெட்டுமோ? அதுவும் நாலு... ம், பிசிறில்லாமல் வந்திருக்கு. ஆர் இதைக் கம்ப்யூட்டரிலை கீறினது?

நிரஞ்சலா: நாந்தான் சேர். நிவேதிகாவ ஏசாதீங்க.

சிதம்பரநாதன்: ஏசுறதைப் பிறகு பாப்பம். ஒரு கிழமை பொறுத்திருந்தால் நானே தகடு எடுத்துத் தந்திருப்பன். அப்பிடி என்ன அவசரம்?

நிவேதிகா: சொல்லுடி... எங்கிட்டயும் சொல்லல சேர்.

நிரஞ்சலா: எங்க லயத்து கக்கூஸ் நாலுல ஒண்ணுக்கும் தாழ்ப்பாள் கெடையாது சேர். ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய கதவப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். அக்கா நெறமாசமா வீட்டுக்கு வந்திருக்கு. முந்தாநாள் அம்மா மலைக்குக் கொழுந்தெடுக்கப் போயிட்டாங்க, நான் ஸ்கூலுக்கு வந்துட்டேன்... அக்கா தனியா உள்ள இருக்கையில யாரோ ஒரு ஆளு கதவத் தொறந்துட்டான். அதுலேருந்து அக்கா பகல்ல ஒரு சொட்டுத் தண்ணி குடிக்க மாட்டேங்குது சேர்.