லைன் நன்றாகத்தான் இருந்தது

பெயர் சாஜிதா. வயது 24. கணவர் பெயர் சுஹைப். விலாசம் பள்ளிவாசல் தெரு, கீழக்கரைச்சேரி, பூதலூர் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம். நாள் 21.08.2025. என்னைக் காணவில்லை என்று என் மாமனார் லியாகத் அலி இன்று பகலில் கொடுத்த புகார் தொடர்பாக, காவல் உதவி ஆய்வாளர் எழில்மொழி அவர்கள் முன்பு நானே நேரில் வந்து சொல்லும் வாக்குமூலம்.

நான் மேற்படி விலாசத்தில் மாமனார் மற்றும் மாமியார் நூர்ஜஹானுடன் வசித்து வருகிறேன். என் பிறந்த ஊர் பேராவூரணி. எனக்குத் திருமணமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. திருமணமான அந்த மாதமே என் கணவர் வளைகுடா நாட்டுக்கு ஏசி மெக்கானிக் வேலைக்குத் திரும்பிப் போய்விட்டார். நான் காணாமல் போகவில்லை. என்னை யாரும் கடத்தவில்லை. நான் தண்ணீரில் விழவும் இல்லை. நடந்தது பின்வருமாறு.

என் கணவர் தினமும் அந்தி நேர மஃரிப் தொழுகைக்குப் பிறகு செல்போன் செயலி வழியாகப் பேசுவார். போனை ஹாலில் டீப்பாய் மேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டு எல்லோரும் சேர்ந்து பேசுவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். முதலில் மாமா, பிறகு மாமி, பிறகு அக்கம்பக்கத்தில் யாராவது வந்திருந்தால் அவர்கள், கடைசியில் நான். என் முறை வரும்போது அவர் சாப்பிட்டியா என்று கேட்பார், நான் சாப்பிட்டேன் என்பேன். அதற்கு மேல் மாமனார் முன்னால் என்ன பேசுவது? அதனால் நான் கட் ஆகிறது, கட் ஆகிறது என்று சொல்லிப் போனை எடுத்துக்கொண்டு வாய்க்கால் படித்துறைக்குப் போய்விடுவேன். படித்துறையில் சிக்னல் நன்றாக இருக்கும் என்பது உண்மை. ஹாலில் மோசமாக இருக்கும் என்பது பாதி உண்மை. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

அதன் பிறகு, சென்ற ரமலான் முடிந்ததும், மகன் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிறது என்று மாமி சொல்லிச் சொல்லி, வீட்டுக்கு ஃபைபர் லைன் போட்டார்கள். "இனிமே நீ கொசுக்கடியில படித்துறைக்குப் போவ வேணாம்மா" என்று மாமி பிரியமாகச் சொன்னார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் சந்தோஷத்தில் அழுவதாக மாமி நினைத்துக்கொண்டார்கள்.

புது லைனில் என் கணவரின் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் வந்தது. அவர் பின்னால் யாரோ சட்டி கழுவுவதுகூடக் கேட்டது. அந்த வாரமே அவர், "அத்தா, எனக்கு இங்க இருக்கப் புடிக்கல. வந்துடறேன்த்தா. தஞ்சாவூர்ல ஒரு ஏசி சர்வீஸ் கடை..." என்று ஆரம்பித்தார். மாமா உடனே, "தம்பி, வாய்ஸ் கட் ஆவுது, ஒண்ணும் வெளங்கல" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள். எனக்கும் மாமிக்கும் ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. நான் மாமியைப் பார்த்தேன். மாமி தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்கள்.

அதன் பிறகு இதே மாதிரி பலமுறை நடந்தது. குறுவை நடவு, பள்ளிவாசல் கணக்கு, அத்தை மகள் கல்யாணம் எல்லாம் மாமாவுக்குக் கேட்கும். வருகிறேன் என்ற பேச்சு மட்டும் கேட்காது. லைன் சரியில்லை என்று மாமாவே புகார் செய்ய, ஆள் வந்து கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, லைன் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். மாமா அவரிடமும், "இல்ல தம்பி, உங்களுக்குத் தெரியல" என்றார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. படித்துறைக்குப் போவதற்காக நான் சொன்ன அதே பொய்யைத்தான் மாமாவும் சொன்னார்கள், ஆகவே வாயைத் திறக்க எனக்கு வழியில்லாமல் போனது.

என் கணவரோ இதை முழுசாக நம்பிவிட்டார். கோளாறு தன் பக்கம்தான் என்று நினைத்துப் போனை மாற்றினார், செயலியை மாற்றினார், கடைசியில் தங்கியிருந்த கட்டிடத்தின் மொட்டைமாடியில் ஏறி அந்த ஊர் வெயிலில் நின்றுகொண்டு பேசினார். அப்பா கேட்டும் கேட்காதது போல் இருக்கிறார் என்று சொன்னால் மனம் உடைந்துவிடுவார் என்று நான் சொல்லவில்லை.

அதன் பிறகு போன வாரம் அவர் எனக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினார். வேலையை விட்டுவிட்டதாகவும், விமானத்தில் திருச்சி வந்து அங்கிருந்து ரயிலில் பூதலூர் வருவதாகவும், அப்பாவிடம் நேரில் சொல்லப் போவதாகவும், வீட்டுக்குள் நுழையும் முன் என்னிடம் பேச வேண்டும் என்பதால் நான் மட்டும் ஸ்டேஷனுக்கு வர வேண்டும் என்றும் அதில் இருந்தது. அதை நான் எத்தனை முறை கேட்டேன் என்பது இந்த விசாரணைக்குத் தேவையில்லை.

இன்று காலை நெட் சரியில்லை, படித்துறையில் போய்ப் பேசிவிட்டு வருகிறேன் என்று மாமியிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். பெருநாளுக்கு வாங்கிய செருப்பைப் பையில் ஒளித்து எடுத்துப்போனேன். வீட்டிலிருந்தே அதைப் போட்டுக்கொண்டு போனால் மாமி கேட்பார்கள். படித்துறையில் அதை மாட்டிக்கொண்டு, திரும்பி வரும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று ரப்பர் செருப்பைக் கடைசிப் படியில் விட்டேன். வாய்க்காலில் தண்ணீர் முழுசாக ஓடும்போது படியில் செருப்பை மட்டும் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அது என் புத்திக்குறைவு. போனையும் நானே அணைத்தேன். மாமி அழைத்தால் பொய் சொல்ல வராது, என் குரலே காட்டிக்கொடுத்துவிடும். சார்ஜ் இறங்கிவிட்டது என்று சொன்னால் இங்கே நம்பியிருப்பீர்கள், ஆனால் போன் மேல் பழி போட்டது போதும்.

அதன் பிறகு மினி பஸ்ஸில் பூதலூர் ஸ்டேஷனுக்குப் போனேன். ரயில் தாமதமாக வந்தது. என் கணவர் இறங்கி, என் முன்னால் இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டு, முதலில் கேட்டது "கேக்குதா?" என்பது. போனில் பேசிப் பேசி வந்த பழக்கம். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அவர் அவ்வளவு சிரிப்பார் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அதன் பிறகு பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து, மாமாவுக்கு எல்லாமே கேட்டது என்ற உண்மையைச் சொன்னேன். அவர் பெட்டியைக் காலருகில் இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு, "அப்ப நான் வர வேணாம்னுதானே அர்த்தம்" என்றார். திருச்சி பக்கம் போகும் ரயில் வந்தபோது பெட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். மாமாவும் ஒரு காலத்தில் வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து வைத்த கடை ஓடாமல் போனவர்கள், மகனுக்கும் அப்படி ஆகிவிடுமோ என்ற பயம்தான், வெறுப்பு இல்லை என்று சொன்னேன். "போறதுன்னா என்னையும் கூட்டிக்கிட்டுப் போங்க. அந்த ஹால்ல உக்காந்து சாப்பிட்டேன், சாப்பிட்டேன்னு சொல்ல இனிமே என்னால ஆவாது" என்றும் சொன்னேன். ரயில் போய்விட்டது. அவர் உட்கார்ந்தார். அதன் பிறகு ஆட்டோ பிடித்து ஊருக்கு வந்தோம்.

ஊர் எல்லையிலேயே கூட்டம் தெரிந்தது. தீயணைப்பு வண்டி நின்றது. மதகுப் பக்கம் ஆட்கள் மூங்கிலை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்கள். படித்துறையில் மாமா நெஞ்சளவு தண்ணீரில் நின்றுகொண்டு, தொண்டை கட்டிப்போய், என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு மாமா அந்தப் படியில் இறங்கி நான் பார்த்ததில்லை. நான் "மாமா" என்று கத்தினேன். திரும்பிப் பார்த்து, மேலே ஏறி வந்து, "செருப்ப ஏம்மா அங்க விட்ட?" என்று கேட்டுக் குழந்தை மாதிரி அழுதார்கள். அவர்கள் என்னை இவ்வளவு தேடுவார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தாங்கவில்லை.

அதன் பிறகுதான் மாமா மகனைப் பார்த்தார்கள். என் கணவர் ஊர் முன்னிலையில், "அத்தா, நான் திரும்பிப் போவலத்தா" என்றார். நடுவில் போன் இல்லை, லைன் இல்லை, சாக்குச் சொல்ல ஒன்றுமில்லை. மாமா மகன் தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்கள். "சரிப்பா. ஈரத்துணிய மாத்திக்கிட்டு வர்றேன். உக்காந்து பேசுவோம்" என்றார்கள். மாமி மகனின் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தார்கள்.

அதன் பிறகு புகாரை முடித்துவைக்க எல்லோரும் இங்கே வந்தோம். நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது மாமாவும் என் கணவரும் வெளியே பெஞ்சில் கடையைப் பற்றிப் பேசுவது சன்னல் வழியாகக் கேட்கிறது. "தஞ்சாவூர் எதுக்கு? பூதலூர்லயே பாரு, நானும் வந்து உக்காருவேன்ல" என்கிறார்கள் மாமா. என் கணவர் மறுத்துப் பேசுகிறார். பேசட்டும்.

என்னைத் தேடித் தண்ணீரில் இறங்கியவர்களிடமும், தீயணைப்புத் துறையினரிடமும், தங்களிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் மனநிலை தெளிவாக உள்ளது. யார் மீதும் எனக்குப் புகார் இல்லை.

முடிவாக உதவி ஆய்வாளர் அவர்கள், நான் யாருடன் செல்ல விரும்புகிறேன் என்று கேட்டார்கள். காணாமல் போய்த் திரும்பும் எல்லாப் பெண்களிடமும் கேட்கும் கேள்விதான், என்னிடமும் கேட்டாக வேண்டும் என்றார்கள். நிக்காஹ் அன்று சம்மதமா என்று கேட்டார்கள், சம்மதம் என்றேன். அதன் பிறகு நான் யாரோடு இருக்க விரும்புகிறேன் என்று இன்றுவரை என்னை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டதற்கு நன்றி. நான் என் கணவர் சுஹைபுடன் செல்ல விரும்புகிறேன்.

சொன்னபடியே எழுதியிருப்பதை வாசிக்கக் கேட்டேன். எல்லாம் உண்மை, திருத்த எதுவும் இல்லை.

(ஒப்பம்) சாஜிதா