முட்டைக்கு ரெண்டாவது கோட்டு

இல்ல மேடம், அது தண்ணித்தொட்டி இல்ல. கைய வச்சிராதீங்க, ஈரமா இருக்கு. இந்தச் சேர்ல உக்காருங்க. ஆரம்பிச்சது என்னமோ தண்ணித்தொட்டியில இருந்துதான். ரெண்டு பழைய தொட்டிய நெடுக்க வெட்டி, ஒட்டி, மேல ஃபைபர் போட்டு இழுத்தது. ஏழடி நீளம். தெருவுல எல்லாரும் முட்டைன்னுதான் சொல்லுதாங்க. ஆனா இது ஒரு இங்கிலீசுப் படத்துல வார சாமான், கேட்டியளா. ராக்கெட்டு வெடிக்கப் போற நேரம் ஹீரோ இதுக்குள்ள ஏறிப் படுத்துக்கிடுவான். மூடி தானா மூடும். வெளிய என்ன நடந்தாலும் உள்ள அவன் பச்சப்புள்ள மாதிரி தூங்குவான்.

எங்க மணிமுத்து அந்த ஒரு சீன மட்டும் போன்ல ஆயிரம் தடவ பாத்திருப்பான். இருவத்திரெண்டு வயசு அவனுக்கு. பேச்சு வராது. சத்தம் ஆகாது. பக்கத்து வீட்டுல மிக்ஸி போட்டாப் போதும், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவுல போயிச் சொருகிக்கிடுவான், முதுகெல்லாம் சிராய்ச்சுப் போவும். நான் கார் பட்டறையில பெயிண்டர். இடிச்சு நசுங்கின வண்டிக்குப் பட்டி போட்டு, தேய்ச்சு, கலர் அடிக்கதுதான் இருவது வருசமா வேலை. ஊரான் காருக்கெல்லாம் செய்யுதோம், நம்ம புள்ளைக்கு இதைச் செய்ய மாட்டமான்னு தோணிச்சு.

அவன் எங்கயா? வாசல்லயே சொன்னேனே மேடம், ஆலங்குளத்துல, என் தங்கச்சி பொன்செல்வி வீட்டுல. இப்பப் போன் போட்டா எடுக்க மாட்டா, கடையில நிப்பா. உங்க ஆபீசுக்குப் புகார் எழுதிப் போட்டது யாருன்னு எனக்குத் தெரியும். எதுத்த வீட்டு நாறும்பூநாதன் அண்ணாச்சி. புள்ள ஒரு மாசமா கண்ணுல படலைன்னு எழுதியிருப்பாரு. கண்ணுல பட்டப்ப மட்டும் என்ன வாழ்ந்துச்சாம்? இவன் தெருவுல இறங்குனா அவரு கேட்டச் சாத்துவாரு.

அவனைக் கூட்டிட்டுப் போயிரலாம்னுதானே வந்திருக்கிய? மறைக்காதீங்க, கையில ஃபாரம் தெரியுது. ஹோம்ல நல்லாப் பாப்பாங்க, நான் இல்லைங்கல. அவன் அம்மா சுகந்தி தவறின புதுசுல ஒரு இடத்துல விட்டும் பாத்தேன். தங்கமான ஆளுங்க, குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா இவன் மூணு நாளா சோத்தையே தொடல. கேட்டுக் கம்பியப் புடிச்சிக்கிட்டே நின்னுருக்கான். நான் போனதும் என் சட்டையப் புடிச்சவன், வீடு வார வரைக்கும் விடல. எனக்கு அவன விட்டா யாரு மேடம் இருக்கா?

வாடையா? அடிக்காது. இது தண்ணி பெயிண்டு, தின்னர் கலக்கல. பட்டறையில மாதிரி ஸ்ப்ரே கன் வச்சு அடிச்சிருந்தா கண்ணாடியா நிக்கும். அந்த நெடி ஆகாதுல்லா, அதான் பிரஷ்ஷு. இந்தச் சாரல் வேற. குத்தாலத்துல தண்ணி விழுதுன்னு ஊரே சந்தோசமாத் திரியுது, எனக்கு மூணு நாளா ரெண்டாவது கோட்டு காயல. பட்டறையிலயும் வேலை இல்ல, ஈரத்துல அடிச்சா வெள்ளை பூத்துரும். அதான் இன்னைக்கு வீட்டுல இருக்கேன். உள்பக்கம் நானூறாம் நம்பர் உப்புத்தாள் போட்டு ஒரு வாரம் தேய்ச்சேன், கன்னத்த வச்சா வழுக்கும். இல்ல, இப்பத் தொறந்து காட்ட முடியாது. விளிம்புல பெயிண்டு ஒட்டிக்கிட்டு உரிஞ்சிரும்.

அந்த ஓட்டையா? காத்துக்கு. படத்துலயும் இருக்கும். தாழ்ப்பாளும் படத்துல வெளியதான் இருக்கும். பாத்துப் பாத்து அப்படியே செஞ்சது.

ஏன் அப்படிப் பாக்கிய?

சரி. படத்துல தாழ்ப்பாளே கிடையாது. நானா வச்சது. போன சாரலுக்கு, நான் வேலைக்குப் போன நேரம் பாத்து, தென்காசியில இருந்து குத்தாலம் வரைக்கும் நடந்தே போயிட்டான். சத்தம் ஆகாதவன் அருவிச் சத்தத்துக்கு மட்டும் பயப்படல பாருங்க. நேரா பொம்பளைங்க குளிக்கிற பக்கம் போயி நின்னுருக்கான். அவனுக்கு என்ன தெரியும்? தண்ணியப் பாத்தான், போனான். அடிச்சவங்களுக்குத்தான் என்ன தெரியும்? ஆளாளுக்கு அடிச்சிருக்காங்க. நான் போயிச் சேரும்போது மூக்குல ரத்தம் ஒழுகுது, இவன் அருவிய அண்ணாந்து பாத்துச் சிரிச்சிக்கிட்டு இருக்கான். அதுக்கப்புறம் வீட்டுக் கதவப் பூட்டிட்டுப் போனேன், ஜன்னல் கண்ணாடிய உடைச்சுக் கையக் கிழிச்சிக்கிட்டான். இதுக்குள்ள படுத்தா அடம் புடிக்க மாட்டேங்கான். அவனாவேதான் ஏறுதான், சத்தியமா. நான் மூடி மட்டுந்தான் போடுதேன்.

கேட்டுச்சா? பயப்படாதீங்க. மூணு தட்டுனா தண்ணி. ரெண்டு தட்டுனா ஒண்ணுக்கு வருதுன்னு அர்த்தம். நான்தான் பழக்கினேன், ரெண்டே நாள்ல புடிச்சிக்கிட்டான். ஆலங்குளத்துக்கெல்லாம் அனுப்பல மேடம். காலையில இருந்து உள்ளதான் இருக்கான். நான் வெளிய தேய்க்கிற சத்தமும் அவனுக்குப் புடிக்கும். இருங்க, தொறக்கேன். பெயிண்டு போனாப் போவுது.

என்ன கேட்டிய? நான் பட்டறைக்குப் போற நாள்ல அவன் தட்டுனா யாருக்குக் கேக்கும்னா?

யாருக்கும் கேக்காது மேடம்.