தறிக்கு ஆகாத சொல்

எண்பதுகளில் ஒரு நாள், ஆரணியிலிருந்து சேவூர் போகும் டவுன் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் மடியில் பட்டு நூல் மூட்டை.

"நிறுத்துன்ற வார்த்தையே எங்க வூட்ல ஆகாதுக்கா" என்றாள் அவள். நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"ஏன்டி?"

"அப்டி சொல்லிட்டா தறி மறுபடி ஓடாதுன்னு எங்க மாமியாரு கத்தும். சோத்துக்கு எழுந்துக்கறப்பகூட எங்க வூட்டுக்காரரு 'ஸ்டாப்'புன்னுதான் சொல்லுவாரு. இங்கிலீஷ்ல சொன்னா தோஷம் இல்லையாம்."

மூத்தவள் சிரித்தாள். "அது கெடக்கட்டும். இன்னும் சாராயக் கடைக்குப் போய்கினுதான் கீறாரா?"

"அதத்தான் சொல்ல வந்தேன். மாசா மாசம் 'குடிய ஸ்டாப் பண்ணிட்டேன்'ம்பாரு. நாலு நாள்ல மறுபடியும் போவாரு."

"தெரிஞ்ச கததானே."

"போன வெள்ளிக்கெழம தறியில உக்காந்துகினே, 'குடிய நிறுத்திட்டேன்'னாரு."

"தமிழ்லயேவா?"

"தமிழ்லயேதான்."

சேவூர் வந்துவிட்டது. இளையவள் மூட்டையை அணைத்துக்கொண்டு எழுந்தாள்.

"மாமியாரு சும்மாவா இருந்துச்சு?"

"தறிகிட்ட என்னா பேச்சுடா அதுன்னு கத்திகினே ஓடியாந்துச்சு. எத நிறுத்துனாருன்னு புரிஞ்சதும் நேரா போயி சாமி வெளக்க ஏத்திச்சு."